ஒன்பது பெட்டி சிடியும் ஒரு டாக்டர் சீட்டும்

சாமி,

நீயும் நித்யாவும் ஐதராபாத் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று அம்மா சொன்னாள். போனில் என்னிடமும் இரண்டு நிமிடம் பேசினாய். எல்லாவற்றுக்கும் 'சரி சாமி, சரி சாமி' என்றேன். நீ பேசியதில் பாதி எனக்குக் கேட்கவே இல்லை. இருபத்தெட்டு வருடம் ஊர் ஊராகப் போகும் ரிக் வண்டியில், கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று ஆழ்துளைக் கிணறு போட்ட காது இது. இடது காது அடியோடு போய்விட்டது. வலது காதில் சத்தம் வருகிறது, கிட்ட நின்று உரக்கச் சொன்னால்தான் சொல் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நேரில் பேசினால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். எழுதினால் முழுதாகச் சொல்லித்தான் ஆகவேண்டும். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் நித்யாவை விட்டுப் படிக்கச் சொல். அவளும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன், உன் கல்யாணப் பேச்சு நடந்தபோது, ஒரு பழைய டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதில் பொய். சரியான பதிலைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எனக்கு அலுப்பாக இருக்கிறது சாமி. உடம்பு அலுப்பு பழகிவிட்டது. ஒரு பொய்யை ஒவ்வொரு நாளும் தூக்கி வைத்து இறக்கும் அலுப்புதான் தாங்கவில்லை. முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும், பொறுத்துக்கொள்.

உனக்கு ஆறு வயது. திருச்செங்கோட்டில் தேர் நோன்பித் திருவிழா. நான் வண்டியில் இருந்து ஊருக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னாள், நான்தான் உன்னைப் பெரிய ராட்டினத்தில் ஏற்றினேன். உச்சியில் போய் ராட்டினம் நின்றது. கீழே ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மலைக்கோயில் விளக்கைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே திரும்பினேன். உன் கண் மேலே போயிருந்தது. உடம்பு விறைத்துக் கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. நான் கத்திய கத்து கீழே யாருக்கும் கேட்கவில்லை. ராட்டினம் முழுசாக இரண்டு சுற்று சுற்றித்தான் நின்றது. அந்த இரண்டு சுற்றிலும் உன்னை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன், செத்துப்போய்விட்டாய் என்று நினைத்துக்கொண்டு. சேலத்தில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, இது வலிப்பு, ராட்டினத்தால் வந்ததில்லை, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்கும் என்று சொன்னார். புத்திக்குப் புரிந்தது. ஆனால் அணைத்துப் பிடித்த கைக்கு அது இன்றுவரை புரியவில்லை.

அதன் பிறகு மாத்திரை. உயரத்தில் ஏறக்கூடாது, தண்ணீரில் இறங்கக்கூடாது, சைக்கிள் கூடாது, தூக்கம் கெடக்கூடாது. டிவி மட்டும் பத்தடி தள்ளி உட்கார்ந்து, லைட்டைப் போட்டுக்கொண்டு பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்று அவர்கள் சொன்ன ஒரே விஷயம் அதுதான். அதைப் பிடித்துக்கொண்டேன். அந்த வருடம் போனஸில் சிடி பிளேயர் வாங்கினோம். வண்டி எந்த ஊரில் நின்றாலும், வேலை முடித்து மண்ணைக் கழுவிவிட்டு, அந்த ஊர்க் கடைவீதிக்குப் போய் உனக்கு ஒரு சிடி வாங்குவது என் வழக்கம் ஆனது. ராய்ச்சூர், நாந்தேடு, அனந்தபூர், ஜபல்பூர். கூட வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள், பாஷை தெரியாத படத்தை வாங்கி என்ன பண்ணுவ என்பார்கள். குடை பிடித்த கரடி ஒன்று வரும் கார்ட்டூன், தெலுங்கில் மட்டும் பதினான்கு சிடி வாங்கியிருக்கிறேன். நீ அதைப் பார்த்துப் பார்த்தே தெலுங்கு பேசினாய். இன்றைக்கு ஐதராபாத்தில் நீ கடைக்காரரோடு தெலுங்கில் பேசுவதைப் பார்த்து நித்யா ஆச்சரியப்படுகிறாளாம். ஒரு படத்துக்கு இரண்டு சிடி வரும், அதில் முதல் சிடி கீறலாகி நின்றுவிட்டது. இரண்டாவதை மட்டும் பார்த்துவிட்டு, முன்பாதிக் கதையை நீயே கட்டி, பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லியிருந்தாய்.

ராட்டினச் சிடி கிடைத்தது குண்டக்கல் பஸ் ஸ்டாண்டில். வெளிநாட்டில் ஏதோ பெரிய பூங்காவில், ரோலர் கோஸ்டரின் முன் சீட்டில் கேமராவைக் கட்டி எடுத்தது. கதை இல்லை, ஆள் இல்லை. தண்டவாளம் ஏறும், இறங்கும், தலைகீழாகச் சுற்றும். நான் மழைக்காலத்துக்கு ஊர் வந்ததும் அதைப் போட்டோம். உன்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அம்மாவின் பழைய சேலையால் இடுப்பைச் சுற்றிக் கட்டி, நான் பின்னால் நின்றுகொண்டேன். தண்டவாளம் ஏறும்போது நாற்காலியைப் பின்னால் சாய்ப்பேன். இறங்கும்போது முன்னால். வளைவில் ஆட்டுவேன். நீ அலறுவாய், சிரிப்பாய், 'மறுக்காங்கப்பா' என்பாய். அம்மா அடுப்படியில் இருந்து சத்தம் போடுவாள். ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை. தோள் இற்றுப்போகும். பிறகு அதுமாதிரிச் சிடி எங்கே கிடைத்தாலும் வாங்கினேன். தண்ணீர்ச் சறுக்கு, பேய் வீட்டுக்குள் போகும் ரயில், கோபுரத்தில் இருந்து தொப்பென்று விழும் சீட்டு. வருடத்தில் இரண்டரை மாதம் ஊரில் இருக்கும் அப்பன் நான். அந்த இரண்டரை மாதமும் உன் ராட்டினத்தை ஆட்டுகிற ஆள் நான்தான். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் சொல்லப்போகும் தப்புக்கு இதிலும் பங்கு உண்டு.

உனக்குப் பன்னிரண்டு வயது ஆனபோது சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாத்திரையை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. கடைசியாக வலிப்பு வந்து நாலு வருடம். உன்னைப் பார்த்து முடித்ததும் நீயும் அம்மாவும் வெளியே கொய்யாப்பழம் வாங்கப் போய்விட்டீர்கள். டாக்டரம்மா எழுதிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இனிமே இவன் மத்த பிள்ளைங்க மாதிரிதான். நீச்சல் கத்துக்கட்டும், சைக்கிள் ஓட்டட்டும், ராட்டினம் ஏறட்டும். நீங்க பயந்து அவனைப் பூட்டி வைக்காதீங்க." சீட்டிலும் அதையேதான் எழுதிக் கொடுத்தார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். சந்தோஷமாகத்தான் வந்தேன் சாமி, அதை நம்பு. வராந்தாவைத் தாண்டி, படி இறங்கி, ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடிக்கு வருவதற்குள் என்ன ஆனது என்று எனக்கே தெரியவில்லை. நீ ஒரு கையில் பழத்தைக் கடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துச் சுவர்மேல் ஏறி நின்றிருந்தாய். எனக்கு ராட்டினத்தின் உச்சிதான் தெரிந்தது. அம்மா, "என்னங்க சொன்னாங்க?" என்றாள். "இன்னும் கொஞ்ச வருசம் சூதானமா இருக்கச் சொன்னாங்க," என்றேன். நீ சுவரில் இருந்து இறங்கிவிட்டாய். யாரும் சொல்லாமலே இறங்கிவிட்டாய்.

கொஞ்ச வருடம் என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த லீவுக்கு வரும்போது சொல்லிவிடலாம், இந்தத் தேர் நோன்பி கழியட்டும், பத்தாவது முடியட்டும். பயம் மட்டும்தான் காரணம் என்றால் ஒரு வருடத்தில் சொல்லியிருப்பேன். உள்ளே இன்னொன்றும் இருந்தது. நீ வெளியே போய் நிஜ ராட்டினத்தில் ஏறிவிட்டால், ஊருக்கு வரும் எனக்கு அந்த வீட்டில் என்ன வேலை? பையில் சிடியோடு வரும் அப்பாவுக்காக நீ வாசலுக்கு ஓடி வருவாய். அதை விட எனக்கு மனசில்லை. ஒரு தகப்பன் இப்படியும் நினைப்பானா என்று நீ கேட்கலாம். நினைத்தேன்.

ஒன்பதாவது படிக்கும்போது உங்கள் வகுப்பில் பெங்களூர்ப் பக்கம் ஒரு பூங்காவுக்கு டூர் போனார்கள். காலாண்டு லீவு. கையெழுத்து வாங்கப் பேப்பரை நீட்டிக்கொண்டு என்முன் நின்றாய். கெஞ்சவில்லை. நான் ஏறமாட்டேன், கீழே நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாய். "டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க சாமி," என்றேன். அலமாரியில் துணிக்கடைப் பைக்குள் பைலோடு அந்தச் சீட்டு இருந்தது, நான் நின்ற இடத்தில் இருந்து ஆறடி. நீ பேப்பரை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாய். வண்டிக்குப் போகும் வழியில் பெங்களூரில் இறங்கி, அலைந்து திரிந்து, அதே பூங்காவின் சிடியைத் தேடி வாங்கினேன். பொங்கலுக்கு வந்தபோது உன் கையில் கொடுத்தேன். உன் முகம் மலரும் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல். நீ மரியாதைக்குப் போட்டாய். நாற்காலியில் உட்கார்ந்தாய். நான் வழக்கம்போலப் பின்னால் போய் நின்று பிடித்தேன். இரண்டு நிமிடம் இருக்கும். "போதுங்கப்பா. ஆட்டாதீங்க," என்றாய். கோபமே இல்லை உன் குரலில். பிறகு முழுச் சிடியையும் அசையாமல் உட்கார்ந்து பார்த்தாய். உன்னோடு படித்த பையன்கள் எங்கெங்கே நின்றிருப்பார்கள் என்று தேடிக்கொண்டிருந்தாய் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகும் நான் வாங்குவதை நிறுத்தவில்லை. சிடி போய் டிவிடி வந்தது, வாங்கினேன். எல்லாம் போனிலேயே வருகிறது என்ற பிறகும், கடைக்காரர்கள் கழித்துப்போட்டதைப் பொறுக்கி வாங்கினேன். ஒன்பது அட்டைப்பெட்டி ஆனது. நீ காலேஜ் போனாய், ஐதராபாத் வேலைக்குப் போனாய். ஒருமுறை லீவில் வந்து சாப்பிடும்போது, கூட வேலை செய்கிறவர்களோடு அந்த ஊர்ப் பூங்காவுக்குப் போனதைச் சொன்னாய். "எல்லாத்தோட பேக்கும் என்கிட்டத்தாங்கப்பா இருந்துச்சு," என்று சிரித்தாய். எல்லோரும் ஏறி இறங்கும்வரை பதினோரு பையைச் சுமந்துகொண்டு ஒருத்தன் கீழே நிற்கிறான், இருபத்தைந்து வயதில். நானும் சிரித்தேன். அம்மா, "அதுதான் நல்லது சாமி," என்று உன் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

நித்யா வீட்டில் பேச்சு வந்தபோது, சின்ன வயதில் வலிப்பு இருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று நீதான் நின்றாய். சொல்லவேண்டாம் என்று நான் மல்லுக்கு நின்றேன். ஊர் என்ன சொல்லும் என்று நான் சொன்ன காரணமும் முழு உண்மை இல்லை. சொன்னால் பழைய பைலைக் கேட்பார்கள். அதுதான் எனக்குக் கிலி. நீ குமாரபாளையம் போய் உன் மாமனாரிடம் நேரில் சொல்லிவிட்டு வந்தாய். அவர் எதுவும் பெரிதாகச் சொல்லவில்லை, தெரிந்த டாக்டர் ஒருவரிடம் பைலைக் காட்டிக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார். நீயே எடுத்துக்கொண்டு போனாய். அந்த டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, இது பன்னிரண்டு வயதிலேயே முடிந்துபோன விஷயமாச்சே, இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை என்றாராம். சம்பந்தம் முடிவானது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நீ சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து, சீட்டை என் முன்னால் வைத்தாய். "இது உங்களுக்குத் தெரியுமாங்கப்பா?"

"ஞாபகம் இல்ல சாமி. அப்ப என்ன சொன்னாங்களோ," என்றேன்.

 சீட்டை அதன் மடிப்பிலேயே மடித்துப் பைலில் வைத்தாய். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினாய் என்று எனக்குத் தெரியும். இதோ, சரியான பதில்: தெரியும் சாமி. அன்றைக்கும் தெரியும், டூர் பேப்பரோடு நீ வந்து நின்றபோதும் தெரியும், பேக் கதை சொல்லிச் சிரித்தபோதும் தெரியும். ஒரு நாளும் மறக்கவில்லை.

போன வாரம் நீங்கள் வந்திருந்தபோது, நித்யாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு தங்க அறை வேண்டும் என்று பெட்டிகளை இறக்கினீர்களே, நான் கதவோரம் நின்றிருந்தேன். உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு சிடியின் உறையிலும் எந்த ஊரில் வாங்கியது, அன்றைக்கு எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று எழுதி வைத்திருப்பேன். அவள் ஒவ்வொன்றாகப் படிக்க, நீ அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்த ஊரில் வெயில் எப்படி, அங்கே அப்பா எத்தனை நாள் சாப்பாடு சரியில்லாமல் கிடந்தார், எல்லாம். நான் எப்போதோ சொன்னது. "எங்கப்பா மாதிரி ஒருத்தரும் சேத்திருக்க மாட்டாங்க," என்றாய். என்னோடு பேசிப் பழகிய அதே சத்தத்தில் நீ சொன்னதால் எல்லாம் எனக்கும் கேட்டது. அந்தக் குரலில் ஒரு துளி கசப்பு இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

இதுவரை எழுதியதை இன்று காலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தபாலில் போடும் முன் அவளுக்குத் தெரியவேண்டும் என்று தோன்றியது. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேப்பமரத்தடி வந்ததும் கை நின்றுவிட்டது.  எழுந்துபோய்க் கொடியில் காயாத துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். திரும்பி வந்து, என் வலது காதுப் பக்கமாக நின்று சொன்னாள்: "பதினெட்டு வருசமா அந்தப் புள்ளைய நான் ஒரு கெணத்துப் பக்கம் உடலீங்க. அவன் குளிக்கப் போனா வெளிய நின்னு பேச்சுக் குடுத்துட்டே இருப்பேன். உங்க பயத்த எனக்குக் குடுத்துட்டு, நீங்க வண்டி ஏறிப் போயிட்டீங்க." அவ்வளவுதான். அழவில்லை, திட்டவில்லை. சோறு போட்டாள், பக்கத்தில் உட்காரவில்லை. உனக்கு மட்டும்தான் தப்புச் செய்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒவ்வொரு வருடமும் நான் இல்லாத ஒன்பதரை மாதம் அந்தப் பொய்யோடு குடித்தனம் நடத்தியவள் அவள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நீ அவளிடம் பேசு. என்னைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்ல வேண்டாம். அவள் சொல்வதைக் கேள், போதும்.

பெட்டிகளை என்ன செய்யலாம் என்று கேட்டாய். பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்துவிட்டது, போட்டுப் பார்க்கவும் மிஷின் இல்லை. உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள், மீதி போகட்டும். எனக்கு வருத்தம் இல்லை. மன்னித்துவிடு என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுதினால் நீ உடனே போன் செய்து, பரவாயில்லைங்கப்பா என்பாய், எனக்கும் அது மட்டும் நன்றாகக் கேட்டுவிடும். வேண்டாம். கொஞ்ச நாள் கோபமாக இரு. பதினாலு வயதில் நீ பட்டிருக்க வேண்டிய கோபம் அது, உன்னிடமே இருக்கட்டும்.

ஒரே ஒரு காரியம் சொல்லி முடிக்கிறேன். கார்த்திகையில் உனக்குப் பிள்ளை பிறக்கும். அது தவழும், ஏறும், குதிக்கும், ஒரு நாள் என் எதிரிலேயே எதையாவது கேட்கும். நான் வேண்டாம் என்பேன். திருந்திவிட்டேன் என்று நம்பாதே, இந்த வயதில் அந்தச் சொல் எனக்கு முந்திக்கொண்டு வந்துவிடும். என் கண் கலங்கும், பார்க்கிற எவருக்கும் அது பாசமாகத்தான் தெரியும். உனக்கும் அப்படித்தான் தெரியும். நீ பெரியவங்க மனசு நோகக்கூடாது என்று தயங்குகிற பிள்ளை. அன்றைக்கு மட்டும் தயங்காதே சாமி. என் பேச்சைக் கேட்காமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போ.

இப்படிக்கு,
அப்பா